கருவி யாருடையது? கட்டளை யாருடையது?

சென்ற மாதம் ஒரு நாள் மாலை, கமிட்டிக் கூட்டம் முடிந்து திரும்பும் வழியில், ஒரு பெரிய ஹோட்டலின் எதிரே வேப்பமரத்தடியில் பத்துப் பன்னிரண்டு இளைஞர்கள் மோட்டார் சைக்கிள்களை நிறுத்திவிட்டு நின்றிருந்ததைக் கண்டோம். முதுகில் பெட்டி போன்ற பை; கையில் போன். எல்லோருடைய கண்ணும் போனின் மீதே இருந்தது. மணி அடித்தால் ஓட வேண்டும். பேச்சுக் கொடுத்தோம். ஒரு தம்பியின் தகப்பனார் இன்று மூடிக் கிடக்கும் பஞ்சாலை ஒன்றில் இருபது வருஷம் உழைத்தவர். இன்னொருவரின் தாயார் இன்றும் நாற்று நடப் போகிறவர்.

"உங்கள் மானேஜர் யார், தம்பி?" என்று கேட்டோம். போனைத் தூக்கிக் காட்டி, "இதுதாங்கண்ணா" என்றார். "கூலி குறைந்தால் யாரிடம் போய்க் கேட்பீர்கள்?" என்றோம். அதற்கும் போனையே காட்டினார். எல்லோரும் சிரித்தார்கள். நமக்குச் சிரிப்பு வரவில்லை.

ஆலைத் தொழிலாளிக்கு மேஸ்திரி உண்டு, மானேஜர் உண்டு. வயலில் உழைப்பவருக்கு வரப்பில் குடை பிடித்து நிற்கும் காரியஸ்தர் உண்டு. அவர்கள் முகத்தைப் பார்த்து நாம் நியாயம் கேட்டிருக்கிறோம். கேட்க முடியாதபோது கொடி பிடித்து நின்றிருக்கிறோம். முகமே இல்லாத மானேஜரிடம் எப்படி நியாயம் கேட்பது? இந்தப் போன்தான் சத்துருவா? இதை உடைத்தெறிந்துவிட்டால் அந்தத் தம்பிகளின் கஷ்டம் தீர்ந்துவிடுமா?

இக்கேள்விக்குப் பதில் தேட நாம் சற்றுத் தொலைவு போக வேண்டும். சாமானை வீடு வீடாகக் கொண்டுபோய்ச் சேர்க்கும் தொழில் நம் ஊரில் இந்த உருவத்தில் வந்து பத்துப் பன்னிரண்டு வருஷம்தான் ஆகிறது. அமெரிக்காவில் அது நூறு வருஷத்துக்கு மேற்பட்ட தொழில். அங்கே கருவி ஒவ்வொன்றாக எப்படி மாறியது, மாறும்போதெல்லாம் லாபம் யாருக்குப் போயிற்று, தொழிலாளி எந்த இடத்தில் தோற்றான், எந்த இடத்தில் ஜெயித்தான் என்பதை வரிசையாகப் பார்க்கலாம். முதலாளித்துவத்தின் தலைமைப் பட்டணத்தில் நடந்ததை அறிந்துகொண்டால், நம் தெருவில் நடக்கப் போவதை முன்கூட்டியே அறிந்துகொள்ளலாம்.

காலும் சைக்கிளும் பென்சிலும்

1907-ம் வருஷம் சியாட்டில் நகரில், 19 வயது ஜேம்ஸ் கேசி என்பவரும் அவருடைய கூட்டாளியும் 100 டாலர் கடன் வாங்கி ஒரு தூதுக் கம்பெனி தொடங்கினார்கள். பையன்கள் கடிதங்களையும் பொட்டலங்களையும் சுமந்து நடந்தார்கள். தூரமாக இருந்தால் சைக்கிளில் போனார்கள். 1913-ல் முதல் மோட்டார் வண்டி வந்தது. 1919-ல் யுனைடெட் பார்சல் சர்வீஸ் என்ற பெயர் ஏற்பட்டது. சுருக்கமாக யு.பி.எஸ். பழுப்பு நிற வண்டி, பழுப்பு நிற உடுப்பு. இன்று உலகத்தின் மிகப் பெரிய பார்சல் கம்பெனிகளில் ஒன்று.

அந்த நாளைய டிரைவரின் கருவிகள் என்ன? ஒரு வண்டி, ஒரு அட்டை, அதில் செருகிய காகிதம், காதில் ஒரு பென்சில். பார்சலை வாங்கியவர் காகிதத்தில் கையெழுத்துப் போடுவார். எந்தத் தெருவில் எந்த வீடு, எந்தக் கடைக்காரர் எத்தனை மணிக்குத் திறப்பார், எந்த வாசலில் நாய் கடிக்கும் என்பதெல்லாம் டிரைவரின் தலைக்குள் இருந்தது. அந்த அறிவு அவருடைய சொத்து. காலையில் வண்டி ஷெட்டை விட்டு வெளியே போனால், மாலையில் திரும்பும் வரை கம்பெனிக்கு அவரைப் பார்க்க வழியில்லை. எந்த வரிசையில் போவது, எங்கே ஐந்து நிமிஷம் நின்று டீ குடிப்பது என்பதை அவரே தீர்மானித்தார்.

முதலாளிக்கு இது பொறுக்குமா? 1911-ல் டெய்லர் என்ற அமெரிக்க இஞ்சினியர், வேலையை "விஞ்ஞான ரீதியாக" நடத்துவது பற்றி ஒரு புத்தகம் வெளியிட்டார். தொழிலாளியின் ஒவ்வொரு அசைவையும் கடிகாரம் வைத்து அளந்து, அதில் "வீண்" என்று முதலாளி கருதுவதை வெட்டி எறிவதே அதன் சாரம். நமது பஞ்சாலைகளில் ஸ்டாப்-வாட்சுடன் வந்து பக்கத்தில் நின்றவரை மூத்த தோழர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அவர் அளந்துவிட்டுப் போன பின்புதான், பார்க்க வேண்டிய சைடுகள் கூடின, ஆட்குறைப்பு வந்தது. அதே கடிகாரம் பார்சல் வண்டியிலும் ஏறியது. வண்டிச் சாவியை எந்த விரலில் மாட்டிக்கொள்ள வேண்டும் என்பது வரை யு.பி.எஸ். டிரைவர்களுக்கு விதி எழுதப்பட்டது. சாவியைத் தேடும் நேரம் மிச்சமாம்!

எதிரில் வரும் வண்டிகளைக் குறுக்கே வெட்டித் திரும்பும் திருப்பங்களைக் கூடியமட்டும் தவிர்க்க வேண்டும் என்பதும் அங்கே ஒரு விதி. அமெரிக்காவில் வண்டிகள் சாலையின் வலப்பக்கம் ஓடுவதால், அவர்களுக்கு அது இடப்பக்கத் திருப்பம். நம் ஊரில் வலப்பக்கத் திருப்பம். இந்த விதியால் விபத்துக் குறைகிறது, காத்து நிற்பதும் குறைகிறது, பெட்ரோலும் மிச்சமாகிறது. இது நல்ல விதிதான். எல்லா விதியும் கெட்டது என்று நாம் சொல்லவில்லை. மிச்சமான நேரம் யாருக்குப் போயிற்று என்பதுதான் நமது கேள்வி.

காகிதம் போயிற்று, கண் வந்தது

1990-களின் தொடக்கத்தில் காகித அட்டையின் இடத்தில் ஒரு மின்சாரப் பலகை வந்தது. வாடிக்கையாளர் அதன் மீதே கையெழுத்துப் போடலாம். இதனால் டிரைவருக்கும் சில சௌகரியங்கள் ஏற்பட்டன என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். மாலையில் உட்கார்ந்து பக்கம் பக்கமாக எழுதும் வேலை குறைந்தது. பார்சல் வரவில்லை என்று யாராவது புகார் சொன்னால் கையெழுத்தைக் காட்டலாம். ஆனால் அதே பலகை, எந்த வாசலில் எத்தனை மணி எத்தனை நிமிஷத்துக்கு நின்றார் என்பதையும் பதிவு செய்தது.

பின்னர் வண்டிக்குள்ளேயே உணர்கருவிகள் பொருத்தப்பட்டன. கதவு எப்போது திறந்தது, பெல்ட்டை எப்போது மாட்டினார், எத்தனை தடவை வண்டியைப் பின்னுக்கு எடுத்தார் என்பதெல்லாம் கம்பெனிக்குப் போய்ச் சேர்ந்தது. அதன் பிறகு 2013-ஐ ஒட்டி 'ஓரியன்' என்ற கம்ப்யூட்டர் திட்டம் பரவலாக வந்தது. ஒரு டிரைவர் நாளொன்றுக்குச் சுமார் 120 இடங்களில் நிற்க வேண்டுமென்றால், எந்த வரிசையில் நிற்பது என்பதை இனி கம்ப்யூட்டர் சொல்லும். இருபது வருஷம் ஒரே தெருவில் ஓட்டி, தலைக்குள் சேர்த்து வைத்த அறிவை இயந்திரத்துக்குள் மாற்றிவிட்டார்கள். புதிதாக வருகிறவர் வழி தவறாமல் போகலாம் என்பது வாஸ்தவம். பழைய டிரைவரின் அனுபவத்துக்கு இருந்த மதிப்பு குறைந்தது என்பதும் வாஸ்தவம்.

இதில் எவ்வளவு பணம் இருக்கிறது தெரியுமா? அந்தக் கம்பெனியின் அதிகாரியே 2014-ல் அமெரிக்க வானொலியில் ஒரு கணக்குச் சொன்னார். ஒரு டிரைவருக்கு நாளொன்றுக்கு ஒரே ஒரு நிமிஷம் மிச்சமானால், ஒரு வருஷத்தில் கம்பெனிக்கு 145 லட்சம் டாலர் மிச்சம்! ஒரு நிமிஷம், தோழர்களே! நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொள்ளும் நிமிஷம், ஒரு கிழவியம்மா பார்சலை வாங்கும்போது, "சௌக்கியமா?" என்று கேட்கும் நிமிஷம். அந்த நிமிஷத்தைத்தான் கோடி டாலராகக் காய்ச்சி வடிக்கிறார்கள். அதற்காகவே பலகையும் உணர்கருவியும் கம்ப்யூட்டரும் வந்தன.

ஒப்பந்தத்தில் எழுதிய வரி

இத்துடன் கதை முடிந்திருந்தால் நாம் இதை எழுத வேண்டிய அவசியமே இல்லை. அங்கே இன்னொரு கருவியும் இருந்தது. அது டிரைவர்களின் சங்கம்.

அதன் பெயர் டீம்ஸ்டர்ஸ் சங்கம். குதிரைகளைப் பூட்டி வண்டி ஓட்டுகிறவர் என்பதுதான் டீம்ஸ்டர் என்ற சொல்லின் பொருள். 1903-ல் பாரவண்டிக்காரர்கள் அமைத்த சங்கம் அது. குதிரை போயிற்று, மோட்டார் வந்தது. சங்கம் பெயரைக்கூட மாற்றாமல் நின்றது. 1934-ல் மினியாபோலிஸ் நகரில் அச்சங்கத்தின் லாரித் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, ஜூலை 20-ம் தேதி போலீஸ் சுட்டது. இருவர் உயிரிழந்தனர், அறுபதுக்கு மேற்பட்டோர் காயமுற்றனர். அப்படியும் அவர்கள் பின்வாங்கவில்லை. அடுத்த மாதமே முதலாளிகள் இறங்கி வந்தார்கள். சங்கத்தின் வரலாற்றில் ஊழல் தலைமைகளும் இருந்ததுண்டு. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அடிமட்டத் தொழிலாளி விழித்துக்கொண்ட போதெல்லாம் அந்தச் சங்கம் வலுவான ஆயுதமாயிற்று.

1997 ஆகஸ்ட் 4-ம் தேதி யு.பி.எஸ். தொழிலாளர் சுமார் 1,85,000 பேர் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். காரணம் என்ன? கம்பெனி பகுதிநேர வேலையாட்களைப் பெருக்கிக்கொண்டே போயிற்று. தொழிலாளரில் பாதிக்கு மேற்பட்டோர் பகுதிநேரத்தார். 1982-ல் அவர்களுக்கு வைத்த தொடக்கக் கூலி மணிக்கு 8 டாலர். 15 வருஷமாகியும் அது அசையவில்லை. முழுநேர டிரைவருக்கோ மணிக்கு ஏறக்குறைய 20 டாலர். முழுநேரத்தார் தங்கள் கூலியை மட்டும் பார்த்துக்கொண்டு ஒதுங்கியிருக்கலாம். அவர்கள் ஒதுங்கவில்லை. பகுதிநேரத்தாருக்காகவும் சேர்த்து நின்றார்கள். ஜனங்களின் அனுதாபம் கம்பெனியைவிடத் தொழிலாளர் பக்கமே அதிகமாக இருந்தது. பதினைந்தே நாளில் கம்பெனி பணிந்தது. பகுதிநேர வேலைகளை இணைத்து 10,000 புதிய முழுநேர வேலைகளை உண்டாக்க ஒப்புக்கொண்டது.

அந்தச் சங்கம் கூலியை மட்டும் பேசவில்லை. கருவியைப் பற்றியும் பேசியது. வண்டியில் இயந்திரம் பதிவு செய்யும் தகவலை மட்டுமே ஆதாரமாக வைத்து ஒரு தொழிலாளியை வேலையிலிருந்து நீக்கக் கூடாது, மோசடி செய்தவரைத் தவிர, என்று ஒப்பந்தத்தில் எழுத வைத்தது. அதாவது இயந்திரம் சாட்சி சொல்லலாம். இயந்திரமே நீதிபதியாகிவிடக் கூடாது!

2023-ல் மறுபடியும் ஒப்பந்தப் பேச்சு வந்தது. இம்முறை சங்கத்தில் சுமார் 3,40,000 பேர். நூற்றுக்கு 97 பேர் வேலைநிறுத்தத்துக்குச் சம்மதம் என்று வாக்களித்தனர். கம்பெனி நிலைமையைப் புரிந்துகொண்டது. வேலைநிறுத்தம் தொடங்குவதற்கு முன்பே இறங்கி வந்தது. ஒரே வேலைக்கு இரண்டு கூலி என்று டிரைவர்களைப் பிரித்து வைத்திருந்த முறை ஒழிந்தது. பகுதிநேரத்தாரின் தொடக்கக் கூலி மணிக்கு 21 டாலராயிற்று. கோடையில் அடுப்பாகக் கொதிக்கும் அந்தப் பழுப்பு வண்டிகளில், 2024 முதல் புதிதாக வாங்கும் வண்டிகளுக்குக் குளிர்சாதனம் வைக்க வேண்டும் என்று முடிவாயிற்று. டிரைவரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கும் காமிராவை வண்டிக்குள் வைக்கக் கூடாது என்பதும் ஒப்பந்தத்தில் ஏறியது. வாக்களித்தவர்களில் நூற்றுக்கு 86 பேர் அதை ஏற்றுக்கொண்டனர்.

கவனியுங்கள்: அவர்கள் வண்டியை வேண்டாம் என்று சொல்லவில்லை, பலகையை உடைக்கவுமில்லை. எந்தக் கருவி வரலாம், எது வரக் கூடாது, வந்தால் எதற்குப் பயன்பட வேண்டும் என்பதில் தங்களுக்கும் வாக்கு உண்டு என்று நிலைநாட்டினார்கள்.

இதனால் அங்கே பாலும் தேனும் ஓடுகிறது என்று யாரும் நினைக்க வேண்டாம். அந்த 2023-ம் வருஷத்து வெற்றிக்குப் பிறகு, 2025-ல் மட்டும் 48,000 வேலைகளைக் குறைத்துவிட்டதாகக் கம்பெனி அறிவித்தது. அவற்றில் 34,000 வேலைகள் டிரைவர்கள், சாமான் கையாள்பவர்கள் போன்றோருடையவை. ஒரு ஒப்பந்தத்தில் ஜெயித்தது அடுத்த வருஷமே கையை விட்டுப் போகலாம். முதலாளித்துவம் இருக்கும் வரை போராட்டத்துக்கு ஓய்வில்லை.

சங்கமில்லாத வண்டி

அதே அமெரிக்காவில், அதே தெருவில், வேறொரு வண்டியும் ஓடுகிறது. அமேஸான் கம்பெனி 2018-ல் ஒரு ஏற்பாட்டைத் தொடங்கியது. வண்டியில் அமேஸான் பெயர். டிரைவர் போடும் உடுப்பில் அமேஸான் பெயர். போகும் வழியைச் சொல்வது அமேஸானின் போன். ஆனால் டிரைவரோ அமேஸானின் தொழிலாளி அல்லவாம்! இடையில் ஒரு சிறு கான்ட்ராக்டர். கேட்டால் கான்ட்ராக்டரைக் கேள் என்பார்கள்.

2021-ல் அந்த வண்டிகளில் நான்கு கண்ணுள்ள காமிராவை வைத்தார்கள். அதில் ஒரு கண் டிரைவரின் முகத்தைப் பார்த்தது. சம்மதக் காகிதத்தில் கையெழுத்துப் போடு, இல்லாவிட்டால் வேலையில்லை என்றார்கள். அதே வருஷம், டிரைவர்கள் நேரமில்லாமல் பாட்டிலில் சிறுநீர் கழிக்கிறார்கள் என்ற செய்தி வந்தபோது கம்பெனி முதலில் பரிகசித்து மறுத்தது. சில நாட்களில் தன் மறுப்புத் தவறு என்று மன்னிப்புக் கேட்க நேர்ந்தது.

ஒரு தெரு, ஒரு தொழில், ஒரே காலம். ஒரு வண்டியில் முகத்தைப் பார்க்கும் காமிராவுக்கு ஒப்பந்தம் தடை போட்டது. இன்னொரு வண்டியில் அது கட்டாயமாயிற்று. வித்தியாசம் எங்கிருந்து வந்தது? காமிராவைச் செய்த விஞ்ஞானியிடமிருந்தா? இல்லை. ஒரு பக்கம் சங்கம் இருந்தது. இன்னொரு பக்கம் கான்ட்ராக்டர் இருந்தார்.

நம் தெருவுக்கு வருவோம்

இப்போது அந்த வேப்பமரத்தடிக்குத் திரும்புவோம். நம் இளைஞர்களின் நிலை அமேஸான் டிரைவரைவிடவும் ஒரு படி கீழே இருக்கிறது. அங்கே வண்டியைத் தொழிலாளி வாங்குவதில்லை. இங்கே மோட்டார் சைக்கிள் யாருடையது? தவணையில் அவர் வாங்கியது. பெட்ரோல்? அவர் போடுவது. போன்? அவருடையது. பஞ்சர், இன்ஷூரன்ஸ், போலீஸ் அபராதம்? எல்லாம் அவர் தலையில். இத்தனையும் அவருடையதாக இருக்க, எந்த ஆர்டர் யாருக்கு, எத்தனை ரூபாய், எத்தனை நிமிஷம் என்பது மட்டும் கம்பெனியுடையது. வாடிக்கையாளர் கொடுக்கும் நட்சத்திரம் குறைந்தால் ஆர்டர் குறையும். ஐ.டி. பிளாக் ஆனால் அன்றோடு பிழைப்பு முடிந்தது. விசாரணை கிடையாது, நோட்டீஸ் கிடையாது.

இது நமக்குப் புதிய கதையா? தறி நெசவாளியுடையது, வீடும் அவருடையது, பாவும் ஊடையும் கொடுத்து, கூலியைத் தீர்மானித்து, சேலையை எடுத்துக்கொண்டு போகிறவர் மாஸ்டர் வீவர். சோமனூரிலும் பல்லடத்திலும் கூலிக்கு நெய்யும் விசைத்தறிக்காரர்களின் கதையும் இதுவே. கருவி கையில் இருப்பதாலேயே ஒருவர் சுதந்திரமானவராகிவிடுவதில்லை. வேலையைக் கொடுப்பதும் கூலியை நிர்ணயிப்பதும் யார் கையில் இருக்கிறதோ, அவரே எஜமான். முன்னாளில் மாஸ்டர் வீவர் திண்ணையில் உட்கார்ந்து செய்ததை இன்று கம்ப்யூட்டர் செய்கிறது.

"அவர்கள் தொழிலாளிகள் அல்ல, எங்கள் பார்ட்னர்கள், இஷ்டமிருந்தால் லாகின் செய்யலாம், இல்லாவிட்டால் வீட்டில் இருக்கலாம்" என்று கம்பெனிகள் சொல்கின்றன. நல்ல சுதந்திரம்! தவணை கட்ட வேண்டியவனுக்கு வீட்டில் இருக்கும் சுதந்திரம்! பார்ட்னர் என்றால் லாபத்தில் பங்கு எங்கே? கூலியைக் குறைக்குமுன் இந்தப் பார்ட்னரை யாராவது கேட்டார்களா? 2023 ஏப்ரலில் டில்லிப் பகுதியில் பிளிங்கிட் கம்பெனி ஒரு டெலிவரிக்குக் குறைந்தபட்சம் 25 ரூபாய் என்றிருந்ததை 15 ரூபாயாக்கியபோது, போனில்தான் செய்தி வந்தது. இளைஞர்கள் வேலையை நிறுத்தினார்கள். பல கிடங்குகள் மூடிக் கிடந்தன. பார்ட்னர்கள் வேலைநிறுத்தம் செய்வதை எந்த ஊரில் கண்டோம்? தொழிலாளிதான் வேலைநிறுத்தம் செய்வான். அவர்கள் தொழிலாளிகள் என்பதை அவர்களே நிரூபித்துவிட்டார்கள்.

2025 டிசம்பர் 25, 31 தேதிகளிலும் பல நகரங்களில் டெலிவரித் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். "பத்தே நிமிஷத்தில் சாமான்" என்ற விளம்பரம் தங்கள் உயிரைப் பணயம் வைப்பது என்று முறையிட்டனர். அடுத்த மாதமே மத்திய தொழிலமைச்சர் தலையிட, அந்த விளம்பர வாசகம் கைவிடப்பட்டது. நல்லதுதான். ஆனால் சுவரிலிருந்த வாசகம் போனால் போதாது. கம்ப்யூட்டருக்குள் இருக்கும் கணக்கும் போக வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது? 2020-ல் நிறைவேறி, 2025 நவம்பர் 21 முதல் அமுலுக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு இவர்களைப் பற்றிப் பேசுகிறது. ஆனால் வழக்கமான முதலாளி-தொழிலாளி உறவுக்கு வெளியே உழைப்பவர்கள் என்றே இவர்களை வர்ணிக்கிறது. கம்பெனிகள் வருஷ விற்றுவரவில் நூற்றுக்கு ஒன்று முதல் இரண்டு வரை நல நிதிக்குக் கட்ட வேண்டும். அதற்கும் ஒரு வரம்பு: இவர்களுக்குக் கொடுக்கும் தொகையில் நூற்றுக்கு ஐந்துக்கு மேல் போகக் கூடாது. நிதி தருகிறோம், தொழிலாளி என்ற உரிமையைத் தரமாட்டோம் என்பதுதான் இதன் பொருள். நம் மாநிலத்தில் 2023 டிசம்பரில் நலவாரியம் அமைந்தது. அதுவும் வேண்டியதே, ஆனால் வாரிய அட்டை மட்டும் கூலியைக் காப்பாற்றாது.

இதைவிட அதிகம் கேட்க முடியும் என்பதற்கு உலகில் உதாரணம் உண்டு. ஸ்பெயின் நாட்டில் 2021-ல் வந்த சட்டம், கம்பெனியின் போன் கட்டளைப்படி உணவு கொண்டுபோகிறவர் தொழிலாளியே என்று கொள்கிறது; அந்தக் கட்டளைகள் எந்தக் கணக்கின்படி பிறக்கின்றன என்பதைத் தொழிலாளர் பிரதிநிதிகளுக்குச் சொல்ல வேண்டும் என்கிறது. நம் அண்டை மாநிலமான கர்நாடகத்தில் 2025-ல் வந்த சட்டமும், கம்ப்யூட்டர் முறை எப்படித் தீர்மானிக்கிறது என்பதைத் தொழிலாளிக்குத் தெரிவிக்கச் சொல்கிறது.

நமக்கென்ன என்று இருக்கலாமா?

"நாங்கள் ஆலையில் இருக்கிறோம், வயலில் இருக்கிறோம், மோட்டார் சைக்கிள் பையன்களின் பாடு நமக்கென்ன?" என்று கேட்கும் தோழர்கள் உண்டு. அவர்களுக்கு இரண்டு வார்த்தை.

முதலாவது, அந்தக் கண் நம்மையும் பார்க்கத் தொடங்கிவிட்டது. 2023 ஜனவரி முதல், நூறு நாள் வேலைத்தலங்களில் போனில் இரண்டு தடவை படமெடுத்து வருகை பதிவது கட்டாயமாக்கப்பட்டது. டவர் கிடைக்காமல் படம் ஏறாவிட்டால், மண் வெட்டிய கைக்குக் கூலி என்ன ஆகுமோ என்று நம் தாய்மார்கள் தவித்ததை விவசாயத் தொழிலாளிகளுக்கு நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. வேலை செய்தது மண்ணில் தெரிகிறது. ஆனால் போன் ஒப்புக்கொண்டால்தான் வேலை!

இரண்டாவது, அவர்கள் வேறு யாருமல்ல, நம் பிள்ளைகள். நிதி ஆயோக் 2022-ல் வெளியிட்ட அறிக்கை, இம்மாதிரி வேலைகளில் 2020-21-ல் 77 லட்சம் பேர் இருந்ததாகவும், 2029-30-ல் 2 கோடியே 35 லட்சம் பேர் ஆவார்கள் என்றும் மதிப்பிட்டது. ஆலை மூடினால் அப்பன் வீட்டுக்குப் போகிறான், மகன் பையை மாட்டிக்கொள்கிறான். கிணறு வற்றினால் கிராமத்து வாலிபன் பட்டணம் வந்து அதே பையை மாட்டிக்கொள்கிறான்.

இங்கே நம்மைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். ஆலைக்கு வாசல் உண்டு. ஷிப்டு முடிந்ததும் வாயிற் கூட்டம் போட்டுப் பழகியவர்கள் நாம். "இந்தப் பையன்களுக்கு வாசலே இல்லையே, இவர்களை எப்படித் திரட்டுவது?" என்று கையை விரித்துவிட்டோம். இது நமது குறை. வாசல் இல்லாமலில்லை, நாம் தேடவில்லை. ஹோட்டல் வாசல் ஒரு வாசல். சாமான் கிடங்கின் வாசல் ஒரு வாசல். பெட்ரோல் பங்க், பஞ்சர் கடை, இரவு பதினொரு மணிக்கு அவர்கள் டீ குடிக்கும் கடை, எல்லாம் வாசல்தான். அந்த வேப்பமரத்தடியில் பத்து நிமிஷம் நின்றிருந்தபோது பன்னிரண்டு பேர் நம்மிடம் பேசினார்கள். மகாநாட்டில் தீர்மானம் போட்டதைவிட அதில் நாம் கற்றது அதிகம்.

ஆகவே நாம் கோர வேண்டியவை இவை: கம்பெனியின் கட்டளைப்படி உழைப்பவர் தொழிலாளியே என்று சட்டம் சொல்ல வேண்டும். ஒவ்வொரு டெலிவரிக்கும் குறைந்தபட்சக் கூலி வேண்டும். காத்து நிற்கும் நேரத்துக்கும் பெட்ரோலுக்கும் அதில் கணக்கு இருக்க வேண்டும். கூலியை மாற்றுமுன் நோட்டீஸ் கொடுத்துச் சங்கத்துடன் பேச வேண்டும். விசாரணை இல்லாமல் ஐ.டி.யை பிளாக் செய்யக் கூடாது. விபத்துக்குக் கம்பெனியே நஷ்டஈடு கொடுக்க வேண்டும். கூலியையும் நேரத்தையும் தீர்மானிக்கும் கணக்கைத் தொழிலாளியின் முன் விரித்து வைக்க வேண்டும். நிற்க நிழலும், குடிக்க நீரும், கழிப்பிடமும் வேண்டும்.

சங்கக் காரியாலயங்களுக்கு நாம் ஒன்று சொல்வோம். உங்கள் கட்டிடத்தின் முன்னறையை இந்தப் பிள்ளைகளுக்குத் திறந்துவிடுங்கள். போனுக்குச் சார்ஜ் போடட்டும்; மழைக்கு ஒதுங்கட்டும்; தண்ணீர் குடிக்கட்டும். கூலி குறைந்த நாளில் எங்கே கூடுவது என்று அவர்கள் தேட வேண்டியிராது. அவர்கள் வேலையை நிறுத்தும் நாளில் ஆலைத் தொழிலாளி கொடியுடன் போய்ப் பக்கத்தில் நிற்கட்டும்.

இயந்திரத்தையும், இயந்திரத்தை முதலாளி பயன்படுத்தும் முறையையும் பிரித்துப் பார்க்கத் தொழிலாளிக்குக் காலமும் அனுபவமும் தேவைப்பட்டன என்று 1867-ல் வெளியான 'மூலதனம்' முதல் பாகத்தில் மார்க்ஸ் விளக்கினார். இங்கிலாந்தின் நெசவாளிகள் முதலில் இயந்திரத்தை உடைத்தார்கள். பிறகு சங்கம் கட்டினார்கள். நமது பிள்ளைகள் போனை உடைக்க வேண்டியதில்லை. ஒருவர் கையில் இருக்கும்போது அந்தப் போன் மானேஜராக இருக்கிறது. அதே போனில் பன்னிரண்டு பேரும் ஒருவரையொருவர் கூப்பிட்டு, "நாளைக்கு லாகின் வேண்டாம்" என்று முடிவு செய்யும்போது, அது சங்கத்தின் கருவியாகிவிடுகிறது.

அடுத்த முறை உங்கள் வாசலில் அந்தத் தம்பி வந்து நிற்கும்போது, தோழர்களே, பொட்டலத்தை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்திவிடாதீர்கள். ஒரு டம்ளர் தண்ணீர் கொடுங்கள்; பெயரைக் கேளுங்கள்; நமது சங்கம் எங்கே இருக்கிறது என்று சொல்லுங்கள். அந்த ஒரு நிமிஷத்தை முதலாளியின் கணக்கிலிருந்து எடுத்து நம் கணக்கில் எழுதுவோம்!